கரிமத் தொகுப்பில் வினையூக்கிகள்: ஒரு தொடக்க விளக்கம்

அசெட்டிக் அமிலத்தையும் எத்தனாலையும் சம மோல் அளவில் ஒரு குடுவையில் கலந்து அறை வெப்பநிலையில் மூடி வைத்தால், எத்தில் அசெட்டேட் என்னும் எஸ்டரும் நீரும் உருவாகத்தான் செய்யும். ஆனால் அந்த வினை தன் எல்லையை எட்ட ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதே கலவையில் சில துளி அடர் கந்தக அமிலத்தைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால் சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. முடிவில் அந்த அமிலம் செலவாகாமல் கலவையிலேயே இருக்கிறது. வினையின் வேகத்தைக் கூட்டும், ஆனால் தான் செலவாகாது என்று பள்ளிப் பாடம் வினையூக்கிக்குத் தரும் இலக்கணம் இந்த ஒரு சோதனையிலேயே அடங்கிவிடுகிறது. இலக்கணத்தில் பிழை இல்லை. எனினும், கரிமச் சேர்மங்களைப் படிப்படியாகக் கட்டியெழுப்பும் வேதியியலர் வினையூக்கியை எதற்காக இவ்வளவு பாடுபட்டுத் தேடுகிறார் என்பது அதிலிருந்து விளங்குவதில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். வினையூக்கி வினையில் கலந்துகொள்வதில்லை என்று பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். உண்மையில் அது முழுமையாகக் கலந்துகொள்கிறது. மேலே சொன்ன வினையில், கந்தக அமிலம் தரும் புரோட்டான் அசெட்டிக் அமிலத்தின் கார்பனைல் ஆக்சிஜனுடன் பிணைகிறது. அதனால் பக்கத்திலுள்ள கார்பனில் எலக்ட்ரான் பற்றாக்குறை மிகுந்து, எத்தனாலின் ஆக்சிஜன் அதை எளிதில் தாக்க முடிகிறது. பின்னர் ஒரு புரோட்டான் இடம் மாற, நீர் மூலக்கூறு வெளியேறி, எஸ்டர் உருவாகி, கடைசியில் புரோட்டான் மீண்டும் கரைசலுக்குத் திரும்புகிறது. திரும்பிய புரோட்டான் அடுத்த மூலக்கூறிடம் செல்லும். இவ்வாறு உள்ளே வந்து, பிணைந்து, வேலையை முடித்து, பழைய வடிவில் வெளியேறும் சுற்றுக்கு வினையூக்கச் சுழற்சி என்று பெயர். இக்கட்டுரையில் வரும் வினையூக்கிகள் அனைத்தையும், அவை உலோகமானாலும் நொதியானாலும், இந்தச் சுழற்சியின் வழியாகவே புரிந்துகொள்ள முடியும்.

வேகம் கூடுவதற்குக் காரணம், வினை நடக்க மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையான கிளர்வு ஆற்றல் குறைவதே. வினையூக்கி பழைய பாதையைச் சீர்செய்வதில்லை. குறைந்த ஆற்றல் போதுமான வேறொரு பாதையைத் திறந்துவிடுகிறது. அந்தக் குறைவு எவ்வளவு இருந்தால் போதும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 25 டிகிரி செல்சியஸில், கிளர்வு ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 5.7 கிலோ ஜூல் குறைந்தால் வினை பத்து மடங்கு வேகமாகும். 34 கிலோ ஜூல் குறைந்தால் பத்து லட்சம் மடங்கு வேகமாகும். ஒரு கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை முறிக்க மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோ ஜூல் தேவைப்படுகிறது என்பதோடு ஒப்பிட்டால், இவை சிறிய எண்களே. சிறிய ஆற்றல் வேறுபாடு பெரிய வேக வேறுபாட்டைத் தரும் என்னும் இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது வேறொரு முகத்தோடு மீண்டும் வரும்.

வினையூக்கியால் செய்ய முடியாத ஒன்றும் உண்டு. சம மோல் அசெட்டிக் அமிலமும் எத்தனாலும் வினைபுரிந்தால், எவ்வளவு கந்தக அமிலம் சேர்த்தாலும், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எஸ்டரானதும் வினை நின்றுவிட்டதுபோலத் தோன்றும். மார்செலின் பெர்த்தலோ 1860களின் தொடக்கத்திலேயே இத்தகைய எஸ்டராக்கல் வினைகளின் எல்லையை ஆராய்ந்தார். வினை உண்மையில் நிற்பதில்லை. முன்னோக்கிச் செல்லும் வினையும் எஸ்டர் மீண்டும் அமிலமாகும் எதிர்வினையும் ஒரே வேகத்தை எட்டிவிடுகின்றன. புரோட்டான் இரண்டையும் ஒரே மடங்கில் வேகப்படுத்துவதால், சமநிலை விரைவில் வருகிறதேயொழிய இடம் மாறுவதில்லை. விளைச்சலைக் கூட்ட வேண்டுமானால் எத்தனாலை மிகுதியாகச் சேர்க்க வேண்டும், அல்லது உருவாகும் நீரை அவ்வப்போது பிரித்தெடுக்க வேண்டும். விளைச்சல் குறைவாக இருக்கிறதே என்று வினையூக்கியை இரட்டிப்பாக்குவது தொடக்கநிலை மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் பழக்கம். சமநிலையை எட்டிவிட்ட வினையில் அதனால் எந்தப் பயனும் இல்லை.

இனி, தொகுப்பு வேதியியலின் பக்கம் வருவோம். ஒரு கீட்டோனை ஆல்கஹாலாக ஒடுக்க வேண்டுமானால் சோடியம் போரோஹைட்ரைடைப் பயன்படுத்தலாம். அப்போது ஒடுக்கப்படும் மூலக்கூறுகளுக்கு ஈடான அளவில் அந்தக் கரணியும் செலவாகி, போரான் உப்பாகக் கழிவில் சேரும். அதே வேலையை ஹைட்ரஜன் வாயுவையும் சிறிதளவு உலோக வினையூக்கியையும் கொண்டு செய்தால், சேர்த்த ஹைட்ரஜன் விளைபொருளுக்குள்ளேயே போய்விடும். ஆய்வகத்தில் சில கிராம் தயாரிக்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது, முதல் முறையே வசதியாகவும் இருக்கும். டன் கணக்கில் தயாரிக்கும்போது கழிவைப் பிரிப்பதும் அகற்றுவதுமே பெரும் செலவாகிவிடும். வினைபடுபொருள்களின் அணுக்களில் எத்தனை பங்கு விரும்பிய விளைபொருளில் இடம்பெறுகிறது என்பதை அணுச் சிக்கனம் என்ற அளவுகோலாக பேரி டிராஸ்ட் 1991-இல் முன்வைத்தார்.

இதற்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு இபுபுரூஃபன் என்னும் வலி நிவாரணி. 1960களில் உருவான பழைய முறை ஆறு படிகளைக் கொண்டது. அதன் அணுச் சிக்கனம் ஏறத்தாழ 40 சதவீதம். 1990களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த புதிய முறை, அதே தொடக்கப் பொருளான ஐசோபியூட்டைல்பென்சீனிலிருந்து மூன்றே படிகளில் மருந்தைத் தருகிறது: ஹைட்ரஜன் புளூரைடு ஊக்குவிக்கும் அசைலேற்றம், நிக்கல் ஊக்குவிக்கும் ஹைட்ரஜனேற்றம், பல்லேடியம் ஊக்குவிக்கும் கார்பன் மோனாக்சைடு சேர்க்கை. மூன்றுமே வினையூக்க வினைகள் என்பதால் அணுச் சிக்கனம் ஏறத்தாழ 77 சதவீதமாக உயர்ந்தது. ஹைட்ரஜன் புளூரைடும் கார்பன் மோனாக்சைடும் கொடிய நச்சுப் பொருள்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கழிவு குறைவான முறை எல்லா வகையிலும் ஆபத்தற்ற முறையாக இருக்கும் என்று கொள்வதற்கில்லை.

பழைய முறையின் முதல் படியில் பயன்பட்ட அலுமினியம் குளோரைடு ஒரு விசித்திரமான நிலையில் இருக்கிறது. பிரீடல்–கிராப்ட்ஸ் வினையின் வினையூக்கி என்றுதான் பாடநூல்கள் அதை அழைக்கின்றன. ஆனால் அசைலேற்றத்தில் உருவாகும் கீட்டோன் அலுமினியம் குளோரைடை இறுகப் பற்றிக்கொள்கிறது; பிறகு அதை விடுவிப்பதில்லை. எனவே ஒரு மோலுக்கு மேற்பட்ட அளவில் அதைச் சேர்க்க வேண்டியிருக்கிறது, இறுதியில் நீர் ஊற்றி அதை அழித்த பின்பே கீட்டோனைப் பிரிக்க முடிகிறது. சுழற்சி முழுமையடையாத இடத்தில் வினையூக்கி என்ற பெயர் பொருந்துமா என்பது என் ஐயம். விளைபொருளை விட்டு நீங்குவதும், வினைபடுபொருளைப் பற்றிக்கொள்வதைப் போலவே, வினையூக்கிக்கு இன்றியமையாத பண்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

உலோகங்களுக்கு வருவோம். 1890களின் இறுதியில் பால் சபாத்தியே, நுண்ணிய நிக்கல் தூளின் மீது கரிமச் சேர்மத்தின் ஆவியையும் ஹைட்ரஜனையும் செலுத்தினால் இரட்டைப் பிணைப்புகள் ஹைட்ரஜனேற்றம் அடைகின்றன என்று காட்டினார். 1912-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹைட்ரஜன் மூலக்கூறு உலோகப் பரப்பில் படிந்து இரு அணுக்களாகப் பிரிகிறது, இரட்டைப் பிணைப்பு கொண்ட சேர்மமான ஆல்கீனும் அதே பரப்பில் வந்து ஒட்டுகிறது, பரப்பிலிருந்து ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக அதற்கு மாறுகின்றன. வினையூக்கி திடப்பொருளாகவும் வினைபடுபொருள் நீர்மமாகவோ வாயுவாகவோ இருப்பதால் இதைப் பலபடித்தான வினையூக்கம் என்கிறோம். வினை முடிந்ததும் வடிகட்டினால் போதும், உலோகம் தாளில் தங்கிவிடும். தொழிற்சாலைகள் இவ்வகையை விரும்புவதற்கு இதுவே முதற்காரணம். ஹைட்ரஜனில் ஊறிய பல்லேடியத் தூள் காற்று பட்டால் தீப்பற்றக்கூடும் என்பதால், வடிதாளை உலரவிடாமல் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும் என்பதையும் செய்முறையில் இறங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

மூன்று பிணைப்பு கொண்ட ஓர் ஆல்கைனைச் சாதாரண பல்லேடியத்தின் மீது ஹைட்ரஜனேற்றம் செய்தால், அது ஆல்கீன் நிலையில் நிற்காமல், ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே கொண்ட ஆல்கேன் வரை போய்விடும். நடுவில் நிறுத்த வேண்டுமானால் என்ன செய்வது? ஹெர்பர்ட் லிண்ட்லர் 1952-இல் கண்ட வழி, வினையூக்கியை வேண்டுமென்றே பலவீனப்படுத்துவது. கால்சியம் கார்பனேட்டின் மீது படியவைத்த பல்லேடியத்தில் ஈயத்தைச் சேர்த்து, பெரும்பாலும் சிறிது குயினோலினையும் கலந்து, அதன் பரப்பின் ஒரு பகுதியை நச்சாக்கினார். அந்தப் பரப்பில் ஆல்கைன் வினைபுரிகிறது. ஆல்கீனுக்கு அங்கே எளிதில் இடம் கிடைப்பதில்லை. இரு ஹைட்ரஜன் அணுக்களும் ஒரே பரப்பிலிருந்து ஒரே பக்கமாக வந்து சேர்வதால் கிடைப்பது பெரும்பாலும் சிஸ் ஆல்கீன், அதாவது அந்த ஹைட்ரஜன்கள் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் அமைந்த ஆல்கீன். வேகத்தைக் குறைத்து ஒரு வினையூக்கி புகழ்பெற்றது என்பதைப் பள்ளி இலக்கணத்தை மட்டும் படித்தவரால் எளிதில் ஏற்க முடியாது. ஆனால் கரிமத் தொகுப்பில் பெரும்பாலான நேரங்களில் வேண்டியது இதுவே: பல வினைகள் நடக்கக்கூடிய இடத்தில் ஒன்றை மட்டும் நடக்கச் செய்வது. தேர்வு என்பது வேகத்திலிருந்து வேறான ஒரு பண்பும் அன்று. ஒரு பாதையின் வேகம் மற்றவற்றை எல்லாம் மிஞ்சும்போது அதைத்தான் தேர்வு என்கிறோம்.

தேர்வை இன்னும் நுட்பமாக்க, உலோகத்தைத் தனித்தனி அணுக்களாகக் கரைசலில் கரைத்துவிடுவது ஒரு வழி. ஒவ்வோர் உலோக அணுவைச் சுற்றியும் ஈனிகள் எனப்படும் மூலக்கூறுகள் பிணைந்திருக்கும். அவற்றை மாற்றினால் உலோகத்தின் எலக்ட்ரான் செறிவும், அதைச் சுற்றியுள்ள இடத்தின் அளவும் வடிவமும் மாறும். ஒருபடித்தான வினையூக்கம் என்னும் இத்துறையில், 1960களில் ஜெஃப்ரி வில்கின்சன் அறிமுகப்படுத்திய ரோடியம்–பாஸ்பீன் அணைவு (பாஸ்பரஸ் கொண்ட ஈனிகள் பிணைந்த ரோடியம்) ஒரு திருப்புமுனை. அது நெருக்கடியற்ற இரட்டைப் பிணைப்புகளை விரைந்து ஹைட்ரஜனேற்றம் செய்து, பல தொகுதிகள் சூழ்ந்த இரட்டைப் பிணைப்புகளைப் பெரும்பாலும் தொடாமல் விடுகிறது. கார்வோன் என்னும் மூலக்கூறில் இரு கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. வில்கின்சன் வினையூக்கி வளையத்துக்கு வெளியே உள்ளதை மட்டும் ஒடுக்குகிறது.

கரையும் உலோக வினையூக்கிகளில் இன்று மிகப் பரவலாகப் பயன்படுவது பல்லேடியம். இரண்டு பென்சீன் வளையங்களை நேரடியாக ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பால் இணைப்பது முன்பு கடினமான வேலையாக இருந்தது. அரோமேட்டிக் கார்பனில் உள்ள ஹேலோஜனை வழக்கமான பதிலீட்டு வினைகளால் நீக்குவது எளிதன்று; தாமிரத்தைக் கொண்டு செய்யும் பழைய முறைக்கு உயர் வெப்பநிலை தேவைப்பட்டது. அகிரா சுசுகியும் நோரியோ மியாவுராவும் 1979-இல் வெளியிட்ட முறையும், அதற்குச் சில ஆண்டுகள் முன் ரிச்சர்ட் ஹெக்கும் ஏ-இச்சி நெகிஷியும் கண்ட முறைகளும் இந்த நிலையை மாற்றின. சுசுகி, ஹெக், நெகிஷி ஆகிய மூவரும் 2010-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

சுசுகி வினையின் சுழற்சியை ஒருமுறை நிதானமாகப் பின்தொடர்ந்தால், உலோக வினையூக்கத்தின் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். தொடக்கத்தில் பல்லேடியம் பூஜ்ய ஆக்சிஜனேற்ற நிலையில், இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கும் நிலையில் இருக்கிறது. அது அரைல் புரோமைடின் (பென்சீன் போன்ற வளையத்தில் புரோமின் பிணைந்த சேர்மத்தின்) கார்பன்–புரோமின் பிணைப்புக்குள் நுழைந்து, ஒருபக்கம் கார்பனையும் மறுபக்கம் புரோமினையும் தன்னோடு பிணைத்துக்கொண்டு, +2 நிலைக்கு மாறுகிறது. இது ஆக்சிஜனேற்றச் சேர்க்கை. அடுத்து, கரைசலில் உள்ள காரத்தின் துணையோடு, போரானிக் அமிலத்திலிருந்து இன்னொரு அரைல் தொகுதி பல்லேடியத்துக்கு மாறி, புரோமின் வெளியேறுகிறது. இது உலோகப் பரிமாற்றம். காரத்தை மறந்துவிட்டால் இந்தப் படி பெரும்பாலும் நடப்பதில்லை. இப்போது இணைய வேண்டிய இரு கார்பன்களும் ஒரே பல்லேடியத்தின் மீது பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவை தமக்குள் பிணைந்து வெளியேற, பல்லேடியம் மீண்டும் பூஜ்ய நிலைக்குத் திரும்புகிறது. இது ஒடுக்க நீக்கம். பூஜ்யத்துக்கும் +2-க்கும் இடையே இரு திசையிலும் எளிதாகப் போய்வரும் இயல்பே இங்கே பல்லேடியத்தின் பெரும் பலம்.

இந்த மூன்று படிகளில் எது மெதுவானதோ அதுவே முழு வினையின் வேகத்தையும் தீர்மானிக்கும். அரைல் அயோடைடுகளில் முதல் படி எளிது, புரோமைடுகளில் சற்றுக் கடினம், குளோரைடுகளில் மிகக் கடினம். விலை மலிவாகவும் பெருவாரியாகவும் கிடைப்பவை குளோரைடுகள் என்பதால் இது நீண்ட நாள் தடையாக இருந்தது. எலக்ட்ரான் செறிவு மிக்க, பருமனான பாஸ்பீன் ஈனிகளை 1990களின் பிற்பகுதியில் ஸ்டீபன் புக்வால்டும் கிரிகரி ஃபூவும் தனித்தனியே கொண்டுவந்த பிறகு குளோரைடுகளும் வழிக்கு வந்தன. எலக்ட்ரான் செறிவு முதல் படிக்கு உதவுகிறது. பருமன் இரு அரைல் தொகுதிகளையும் நெருக்கித் தள்ளி மூன்றாம் படிக்கு உதவுகிறது. உலோகம் அதே பல்லேடியம்தான், மாறியது ஈனி மட்டுமே.

வினையூக்கியின் அளவை மோல் சதவீதத்தில் சொல்வது வழக்கம். 1 மோல் சதவீதம் என்றால் நூறு வினைபடு மூலக்கூறுகளுக்கு ஒரு வினையூக்கி மூலக்கூறு. வினை முழுமையடைந்தால் ஒவ்வொன்றும் சராசரியாக நூறு முறை சுழன்றிருக்கும். சுழற்சி எண் எனப்படும் இந்த அளவு ஆய்வக முறைகளில் பெரும்பாலும் நூறைத் தாண்டுவதில்லை. மெட்டோலாகுளோர் என்னும் களைக்கொல்லியைத் தயாரிக்கும் இரிடியம் வினையூக்கி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை சுழல்கிறது. உலோகத்தின் விலை மட்டும் இங்கே கவலை அன்று. மருந்தில் எஞ்சும் பல்லேடியத்துக்குக் கடுமையான வரம்பு உண்டு: வாய்வழி மருந்துகளில் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் என்பது பன்னாட்டு வழிகாட்டு நெறியின் அளவு. குறைவாகச் சேர்த்தால் குறைவாக நீக்கினால் போதும்.

ஆல்கீன்களின் இரட்டைப் பிணைப்புகளை வெட்டித் துணைகளை மாற்றி ஒட்டும் மெட்டாதெசிஸ் வினையும் இதே வகையைச் சேர்ந்தது. ஈவ் ஷோவன் அதன் வினைவழிமுறையை 1971-இல் முன்மொழிந்தார். ரிச்சர்ட் ஷ்ராக் மாலிப்டினம் கொண்டும், ராபர்ட் கிரப்ஸ் ருத்தேனியம் கொண்டும் திறன்மிக்க வினையூக்கிகளை உருவாக்கினர். மூவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிய வளைய மூலக்கூறுகளைக் கட்டுவதற்கு இன்று இதுவே பலரின் முதல் தெரிவு.

தேர்வின் உச்சம் கைரல் மூலக்கூறுகளில்தான் வெளிப்படுகிறது. நான்கு வெவ்வேறு தொகுதிகள் பிணைந்த கார்பனைக் கொண்ட மூலக்கூறு, வலக்கையும் இடக்கையும் போல, ஒன்றின் மீது ஒன்று பொருந்தாத இரு வடிவங்களில் இருக்கும். இரண்டின் உருகுநிலையும் கரைதிறனும் ஒன்றே. ஆனால் உடலுக்குள் உள்ள ஏற்பிகளும் கைரல் என்பதால் மருந்தாக அவை வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளலாம். சாதாரண கரணிகளைக் கொண்டு தயாரித்தால் இரண்டும் பாதிப் பாதியாகக் கிடைக்கும், பாதி உழைப்பு வீணாகும். வினையூக்கியே கைரலாக இருந்தால், இரு வடிவங்களுக்குச் செல்லும் பாதைகளின் கிளர்வு ஆற்றல்கள் சமமாக இருக்க வேண்டியதில்லை. முன்பு சொன்ன சிறிய எண்கள் இங்கேதான் திரும்பி வருகின்றன. 25 டிகிரியில் அந்தப் பாதைகளுக்கிடையே மோலுக்கு 13 கிலோ ஜூல் வேறுபாடு இருந்தால், விளைபொருளில் 99.5 சதவீதம் ஒரு வடிவமாகவும் 0.5 சதவீதம் மற்ற வடிவமாகவும் இருக்கும். ஈத்தேன் மூலக்கூறு தன் கார்பன்–கார்பன் பிணைப்பின் மீது சுழல்வதற்குத் தேவையான ஆற்றலும் ஏறத்தாழ இவ்வளவுதான். இத்தனை சிறிய வேறுபாட்டை முன்கூட்டியே துல்லியமாகக் கணிப்பது கடினம் என்பதால், கோட்பாடு எவ்வளவு வளர்ந்தாலும் பல ஈனிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை இன்னும் ஒழியவில்லை.

வில்லியம் நோல்ஸ் 1968-இல் ரோடியத்துடன் கைரல் பாஸ்பீனைச் சேர்த்து ஹைட்ரஜனேற்றம் செய்தபோது, இரு வடிவங்களுக்கிடையே கிடைத்த மிகுதி 15 சதவீதம் மட்டுமே. பயனுக்கு உதவாத அளவு அது, ஆனால் வழி உண்டு என்பதைக் காட்டப் போதுமானது. சில ஆண்டுகளில் ஈனியை மேம்படுத்தி, நடுக்கவாத நோய்க்கான எல்-டோபா மருந்தை 95 சதவீத மிகுதியுடன் தொழிற்சாலை அளவில் தயாரிக்கும் நிலைக்கு அவருடைய குழு வந்தது. ரியோஜி நோயோரி ஹைட்ரஜனேற்றத்தை இன்னும் பல வகைச் சேர்மங்களுக்கு விரிவாக்கினார். பேரி ஷார்ப்லெஸ் 1980-இல் டைட்டானியத்தையும் டார்டாரிக் அமில எஸ்டரையும் கொண்டு அல்லைல் ஆல்கஹால்களை ஒரே கைரல் வடிவ எப்பாக்சைடுகளாக்கினார். டார்டாரிக் அமிலத்தின் இரு வடிவங்களும் கடையில் வாங்கக் கிடைப்பதால், எந்த வடிவம் வேண்டுமோ அதை வேதியியலரே தெரிவு செய்யலாம். இம்மூவரும் 2001-இன் நோபல் பரிசைப் பெற்றனர்.

உலோகம் இல்லாமலும் இது முடியும். புரோலின் என்னும் சாதாரண அமினோ அமிலம் அசெட்டோனுடன் இணைந்து ஈனமீன் என்னும் இடைநிலைப் பொருளாகி, ஓர் ஆல்டிஹைடை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தாக்கச் செய்கிறது என்பதை 2000-இல் பெஞ்சமின் லிஸ்ட் இணை ஆய்வாளர்களோடு காட்டினார். அதே ஆண்டில் டேவிட் மேக்மில்லன் வேறொரு சிறு கரிம மூலக்கூறைக் கொண்டு டீல்ஸ்–ஆல்டர் வினையில் கைரல் தேர்வைச் சாதித்தார்; 2021-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இவ்வகை வினையூக்கிகள் மலிவானவை, பல காற்றுக்கும் ஈரத்துக்கும் அஞ்சாதவை. ஆனால் பெரும்பாலும் 10 முதல் 30 மோல் சதவீதம் வரை சேர்க்க வேண்டியிருப்பது அவற்றின் குறை. நொதிகளோ மறுமுனையில் நிற்கின்றன: தேர்வு மிகக் கூர்மை, ஆனால் இயற்கை பழக்கிய மூலக்கூறுகளுக்கு மட்டுமே. நொதியின் மரபணுவை மாற்றி, சிறந்ததைத் தேர்ந்து, மீண்டும் மாற்றும் பிரான்செஸ் ஆர்னால்டின் முறை இந்தத் தடையைத் தளர்த்தியது. சிடாகிளிப்டின் என்னும் நீரிழிவு மருந்தின் தயாரிப்பில், உயர் அழுத்தத்தில் ரோடியம் செய்துவந்த வேலையை இவ்வாறு திருத்தி அமைக்கப்பட்ட நொதி ஒன்று ஏற்றுக்கொண்டது. திருத்துவதற்கு முன் அந்த நொதிக்கு இந்த மூலக்கூறின் மீது எந்தச் செயல்பாடும் இருக்கவில்லை.

இத்துறையைப் படிக்கத் தொடங்குவோர் கேட்டுப் பழக வேண்டிய ஒரு கேள்வி: சேர்த்த பொருள்தான் வினையூக்கியா? 2000களின் தொடக்கத்தில் சுசுகி வினை எந்த உலோகமும் இல்லாமல் நடக்கிறது என்று ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. 2005-இல் அதே குழு மறு ஆய்வு செய்து, காரமாகச் சேர்த்த சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு என்ற அளவில் கலந்திருந்த பல்லேடியமே வினையை நடத்தியிருக்க வேண்டும் என்று தானே வெளியிட்டது. சுழற்சி எண் பெரிதாக இருக்கக்கூடிய இடத்தில் இவ்வளவு சிறிய மாசும் போதுமானது. ஆகவே வினையூக்கியைச் சேர்க்காமல் ஒரு முறை, ஈனியைச் சேர்க்காமல் ஒரு முறை என ஒப்பீட்டுச் சோதனைகள் இல்லாத முடிவுகளை ஐயத்தோடு படிப்பது நல்லது. கரைந்திருக்கும் அணைவு வேலை செய்கிறதா, அல்லது அது சிதைந்து உருவான நுண் உலோகத் துகள்கள் வேலை செய்கின்றனவா என்பதும் இதே போன்ற சிக்கல். சூடாக இருக்கும்போதே கலவையை வடிகட்டி, வடிநீரில் வினை தொடர்கிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. ஒரு துளி பாதரசத்தைச் சேர்த்து வினை நிற்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. துகள்களின் பரப்பைப் பாதரசம் மூடிவிடும், கரைந்த அணைவுகள் பல தப்பிவிடும். சில கரையும் அணைவுகளும் பாதரசத்தோடு வினைபுரியக்கூடும் என்பதால், இந்தச் சோதனையின் முடிவை மட்டும் தனியே நம்புவது வழக்கமில்லை.